உதறல்

காரில் வரும் உதறலை இன்னொருவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். சத்தம் என்றால் வாயால் எழுப்பிக் காட்டலாம். பட்டறைகளில் தினமும் யாராவது ஒருவர் கடகடவென்றோ கீச்சென்றோ தன் வண்டியைப் பேசிக் காட்டிக்கொண்டிருப்பார். வாடை என்றால் கிளட்ச் கருகுகிறது, ஆயில் எரிகிறது என்று சொல்லிவிடலாம். உதறலோ உடம்புக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. முதுகு சீட்டிலிருந்து நூலளவு விலகித் திரும்ப ஒட்டும், கழுத்து தானாக ஒருமுறை ஆடும், கதவோரப் பாட்டிலில் தண்ணீர் சாய்ந்து எழும். அதற்குள் வண்டி பழையபடி ஓடிக்கொண்டிருக்கும். என் அக்கா மகன் வாங்கியிருக்கும் சின்ன டர்போ பெட்ரோல் காரில் இந்த உதறல் இருக்கிறது. இரண்டு கை மாறி வந்த வண்டி. இன்ஜின் கம்ப்யூட்டரின் எண்களை மாற்றி ரீமேப் செய்திருக்கிறார்கள், காற்று இழுக்கும் பாதையை மாற்றியிருக்கிறார்கள், புகைக்குழாயை அகலமாக்கியிருக்கிறார்கள். கியர் தானாக மாறும் இரட்டைக் கிளட்ச் வகை. நாற்பது, ஐம்பதில் காலை லேசாக வைத்து ஓட்டும்போது சிலசமயம் உதறும். மேட்டில் அழுத்திக் கொடுத்தால் வேறு விதமாக உதறும். சிக்னலை நெருங்கி வேகம் குறையும்போது மூன்றாவதாக ஒன்று. "பாக்ஸ் போயிருச்சு மாமா, எல்லாருமே அதைத்தான் சொல்றாங்க" என்றான். அப்படிச் சொன்னவர்களில் யாரும் வண்டியை நான்கு தெரு தாண்டி ஓட்டிப் பார்த்திருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்தத் தீர்ப்பு தவறாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அது அத்தனை சுலபமாக வந்ததுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வேகத்தை மனித உடம்பு உணர்வதே இல்லை. நூறு கிலோமீட்டரில் சீராகப் போகும் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டால் மிஞ்சுவது டயரின் இரைச்சலும் தரையின் அதிர்வும் மட்டும்தான். வேகம் கூடுவதையும் குறைவதையும் உட்செவியில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் நமக்குச் சொல்கின்றன. அந்தக் கூடுதலோ குறைவோ திடீரென்று மாறினால் உதறல். ஆகவே உடம்புக்குத் தெரிவது ஒரு மாற்றம் நிகழ்ந்தது என்பது மட்டுமே. எங்கே பிறந்தது என்று அதனால் சொல்லமுடியாது. சிலிண்டருக்குள் எரியும் கலவை பிஸ்டனைத் தள்ளுகிறது; கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச், பல்சக்கரங்கள், டிஃபரன்ஷியல், இரண்டு டிரைவ் ஷாஃப்ட், சக்கரம், தார்ச்சாலை. இந்த வரிசையில் எந்த இடத்தில் ஒரு தடுமாற்றம் நேர்ந்தாலும் அது எல்லா உறுப்பையும் கடந்துதான் சீட்டை எட்டும். அதோடு, ஒவ்வோர் இணைப்பிலும் இம்மியளவு இடைவெளி உண்டு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே, ஷாஃப்டின் ஜாயின்டில், கிளட்ச் தட்டின் ஸ்ப்ரிங்குகளில். நின்றிருந்த சரக்கு ரயில் கிளம்பும்போது பெட்டி பெட்டியாக டங், டங் என்று இணைப்புகள் இறுகிக்கொண்டே பின்னால் ஓடுமே, அதுவேதான் காலை எடுத்துத் திரும்ப வைக்கும் ஒவ்வொரு முறையும் காருக்குள் நடக்கிறது. இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன, ஷாஃப்டுகள் கயிறாக முறுகி விடுபடுகின்றன, இன்ஜின் தன் ரப்பர் மவுண்டிங்கில் சாய்ந்து நிமிர்கிறது. நல்ல வண்டியில் இதெல்லாம் நடந்தும் நமக்குத் தெரிவதில்லை. தெரிய ஆரம்பிக்கும்போது, விசையெல்லாம் வந்து சேரும் இடம், விலையும் அதிகமான இடம் என்பதால் எல்லோருடைய விரலும் கியர் பெட்டியை நோக்கி நீள்கிறது. பெட்டியை இறக்கினால் நாள் கூலி கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் நான் பார்த்த மெக்கானிக்குகளுக்குச் செய்யும் அநியாயம். பெரும்பாலானோர் மனதாரப் பெட்டிதான் என்று நம்புகிறார்கள். தெளிவாக ஒரு பொருளைச் சுட்டிவிட்டால் வண்டிக்காரருக்கும் அவர்களுக்கும் ஓர் ஆறுதல் வந்துவிடுகிறது.

கோவையில் போத்தனூர்ப் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். "எப்பங்க வருது? கால் வெச்சா வருதா, காலெடுத்தா வருதா?" "காலைல எடுத்ததுமா, வண்டி சூடானப்புறமா?" "ஏசி போட்டா ஜாஸ்தியாகுதுங்களா?" "டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருக்கறப்ப, வளைவுல வருதா?" கேட்கக் கேட்க எனக்குள் ஒரு மரியாதை எழுந்தது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கும் கேள்வி. காலை வைத்து எடுக்கும் கணத்தில் மட்டும் வந்தால் மவுண்டிங், ஜாயின்ட், பல்லிடைவெளி. குளிர்ந்த இன்ஜினில் மட்டும் என்றால் பெட்ரோல் கலவை. சூடேறிய பிறகு என்றால் இக்னிஷன் காயிலின் காப்பு விட்டுப்போயிருக்கலாம், கிளட்ச்சாகவும் இருக்கலாம். வளைவில், குறைந்த பெட்ரோலில் என்றால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அக்கா மகன் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லமுடியாமல் தவித்தான். பெரியவர் கோபப்படவில்லை. "தம்பி, ரெண்டு நாள் ஓட்டிப் பாத்து எழுதிட்டு வாங்க. வண்டிக்கு வாய் இல்லீங்க, நீங்கதான் சொல்லோணும்" என்று அனுப்பிவிட்டார். திரும்பப் போனபோது இடது சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தைத் தரைத் தகட்டில் ஊன்றிக்கொண்டார். கீழிருந்து வருவதையும் முன்னாலிருந்து வருவதையும் பாதம் பிரித்துச் சொல்லும் என்றார். சீட்டின் பஞ்சு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுமாம்.

பாலக்காடு சாலையில் அவர் செய்த சோதனை எளிமையானது. கியரைக் கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து, மூன்றாவதில் 2,500 சுற்று, அதே சுற்றில் நான்காவது, அதே சுற்றில் ஐந்தாவது. சாலை வேகம் ஒவ்வொன்றிலும் வேறு. இன்ஜினின் சுழற்சி ஒன்றே. உதறல் இன்ஜின் சுழற்சியோடு ஒட்டி வருகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு ஒட்டி வருகிறதா என்பதுதான் கேள்வி. சக்கரத்தோடு வந்தால் ஷாஃப்டின் உள்முனை ஜாயின்ட், வீல் பேரிங், டயர் என்று தேடவேண்டும். சுழற்சியோடு வந்தால் இன்ஜின், ஃப்ளைவீல், மவுண்டிங். இரண்டோடும் ஒட்டாமல் கியர் மாறும் கணத்தோடு மட்டும் ஒட்டினால்தான் பெட்டியின் பேச்சையே எடுக்கலாம் என்றார். பழைய டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு அவரிடம் இன்னொரு வழி இருந்தது. அறுபது, எழுபதில் காலை லேசாக வைத்துப் போகும்போது சாலையில் வரி வரியாகக் கோடு போட்ட இடத்தில் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம் வந்தால், ஆக்சிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் தொடவேண்டும். பிரேக் விளக்கு எரிகிற அளவு போதும். கன்வெர்ட்டரின் உள்பூட்டு விலகிக்கொள்ளும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். கையால் கியர் போடும் வண்டி என்றால் உயர்ந்த கியரில் மேட்டில் முழுக்க அழுத்திப் பார்க்கவேண்டும். சுற்று காட்டும் முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இவ்வளவுக்கும் ஒரு கருவி தேவையில்லை. அன்று மாலைக்குள் ஒன்று தெளிவானது: எங்கள் வண்டியில் இருந்தது ஒரு உதறல் அல்ல, மூன்று. மேட்டில் வருவது இன்ஜின் சுழற்சியோடும் டர்போவின் அழுத்தத்தோடும் ஒட்டிக்கொண்டது. நாற்பதில் வருவது சுழற்சியோடும் இல்லை, சக்கரத்தோடும் இல்லை. ஓட்டுபவரின் காலோடு இருந்தது. வேகம் குறையும்போது வருவது மட்டும்தான் இரண்டிலிருந்து ஒன்றாவது கியருக்கு இறங்கும் கணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாக்ஸ் போய்விட்டது என்ற ஒரு வாக்கியம் இந்த மூன்றையும் சேர்த்து விழுங்கியிருந்தது.

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி என்றால் இங்கிருந்து பாதை நேரானது. வண்டி எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு புத்தகம் உண்டு. அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால் நோய் தெரிந்துவிடும். மாற்றப்பட்ட வண்டிக்கு அந்தப் புத்தகம் செல்லாது. காற்று வரும் பாதையையே எடுத்துக்கொள்ளலாம். இன்ஜினுக்குள் எத்தனை கிராம் காற்று போகிறது என்பதை, குழாய்க்குள் நிற்கும் ஒரு சூடான இழை எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துக் கணக்கிடும் வண்டிகள் பல. அந்தக் கணக்கு கம்பெனி போட்ட குழாயின் விட்டத்துக்கு எழுதப்பட்டது. அகலமான குழாயைப் போட்டால் அதே அளவு காற்று இழையைத் தாண்டி மெதுவாகப் போகும். கம்ப்யூட்டர் காற்று குறைவு என்று நம்பி பெட்ரோலைக் குறைக்கும். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெய் நாளடைவில் இழையில் படிந்து இன்னொரு தவறைச் சேர்க்கும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவையில் பெட்ரோல் குறைந்திருப்பதைக் கண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டே வரும். அந்தத் திருத்தத்துக்கும் ஒரு எல்லை உண்டு. எல்லைக்கு அருகில் நிற்கும் வண்டி காலையில் நன்றாக ஓடும், மதிய வெயிலில் திணறும். அடுத்தது மவுண்டிங். ரப்பருக்குப் பதிலாகக் கடினமான பாலியூரித்தேன் வைத்தால் இன்ஜின் அசையாது, கியர் விழுவது சுத்தமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அத்தனை குலுக்கலும் தரைத் தகட்டுக்கு வந்துவிடும். மாற்றம் செய்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வேலையை நன்றாகச் செய்திருக்கக்கூடும். குழாய் போட்டவருக்கு மேப் எழுதியவரைத் தெரியாது. மேப் எழுதியவர் அன்று வண்டியில் எந்தக் குழாய் இருந்ததோ அதற்கு எழுதினார். அதற்குப்பின் வந்த உரிமையாளர் ஃபில்டரை மாற்றினார். வண்டி இத்தனை பேருடைய எண்ணங்களையும் சுமந்துகொண்டு ஓடுகிறது. அவர்களில் ஒருவரும் மற்றவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மேப் மாற்றுவதில் நான் நெடுநேரம் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. இன்றைய வண்டியில் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கம்பி இல்லை. கால் கேட்பதைக் கம்ப்யூட்டர் ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, தனக்குச் சரியென்று பட்ட வேகத்தில் நிறைவேற்றுகிறது. கால் சட்டென்று அழுத்தினாலும் விசையை முதலில் கொஞ்சமாகக் கொடுத்து, பல்லிடைவெளிகள் மூடிக்கொள்ளும்வரை ஒரு கண்ணிமை நேரம் பொறுத்து, பிறகு ஏற்றுகிறது. ஷாஃப்டுகள் முறுகி எதிர்ப்பக்கம் திரும்பும்போது அதற்கு எதிராக ஸ்பார்க்கின் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்து ஆட்டத்தை அடக்குகிறது. இதற்காகப் பொறியாளர்கள் குளிர்ப் பிரதேசத்திலும் பாலைவனத்திலும் மாதக்கணக்கில் ஓட்டி எண்களைச் செதுக்குகிறார்கள். அந்த உழைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. ஏனென்றால் உழைப்பு வெற்றி பெற்றால் எதுவும் உணரப்படாது. ரீமேப் கேட்டு வருபவர் வண்டி "கால் வெச்சா பாயணும்" என்கிறார். பாய்ச்சலைத் தருவதற்கு எளிய வழி இந்தப் பொறுமையை நீக்குவது. குதிரைத்திறன் ஏறாமலேயே வண்டி இரண்டு மடங்கு துடிப்பாகத் தோன்றும். முதல் வாரம் மகிழ்ச்சி. பிறகு காந்திபுரம் நெரிசலில், ஊர்ந்து ஊர்ந்து போகும்போது, காலின் சின்னச் சின்ன நடுக்கத்தையெல்லாம் வண்டி திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கும். எங்கள் வண்டியில் நாற்பதில் வந்த உதறல் இதுதான் என்று பெரியவர் முடிவுக்கு வந்தார். அங்கே எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை. இருந்த ஒரு மென்மையை யாரோ கேட்டு, யாரோ எடுத்திருக்கிறார்கள். கேட்டவர் இப்போது வண்டியில் இல்லை, வாங்கியவன் உதறிக்கொண்டு இருக்கிறான்.

இன்னும் அதிகமாக என்னைச் சங்கடப்படுத்தியது ஸ்கேனர். செருகியதும் பச்சை நிறத்தில், குறை ஏதும் இல்லை என்று காட்டியது. மேட்டில் அத்தனை தெளிவாக மிஸ் அடிக்கும் வண்டி. சிலிண்டர் ஒன்றில் கலவை எரியாமல் போனால் அதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் முறை மிக அழகானது. கிராங்கோடு சுழலும் ஒரு பல்வட்டம். பல இன்ஜின்களில் அறுபது பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்டு ஐம்பத்தெட்டு. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே ஆகும் நேரத்தை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும். எரியாத சிலிண்டரின் முறை வரும்போது கிராங்க் துளி தாமதிக்கும். அந்தத் தாமதத்திலிருந்து எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இந்தக் கண்காணிப்பு கட்டாயமானது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும், காற்றும் கெடும் என்பதற்காக. ரீமேப் செய்பவர்களில் சிலர் இந்தக் கண்காணிப்பை மேப்பிலேயே அணைத்துவிடுகிறார்கள். கன்வெர்ட்டரைக் கழற்றிய குழாய் போட்டால் பின் ஆக்சிஜன் சென்சார் புகார் சொல்லும், விளக்கு எரியும், வண்டிக்காரர் திரும்பி வருவார். அதனால் அந்தப் புகாரையும் அணைத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்கு விளக்கு எரியாத வண்டி கிடைக்கிறது. வண்டிக்கு வாய் இல்லை என்று பெரியவர் சொன்னது பழைய காலத்து வண்டிகளுக்குப் பொருந்தும். இதற்கு வாய் இருந்தது, அதைக் கட்டியிருந்தார்கள். அதிக விசைக்காக ஒரு எண்ணை ஏற்றுவதில் எனக்குத் தடையில்லை. அடுத்தாற்போல் அந்த வண்டியை ஓட்டப்போகிறவருக்கும் பழுது பார்க்கப்போகிறவருக்கும் வண்டி உண்மை சொல்லும் வழியை அடைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மலைப்பாதையில் லாரியை முந்தும் நேரத்தில் விசை அற்றுப்போனால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று அந்தக் கண்காணிப்பை அணைத்தவர் ஒரு நிமிடமாவது நினைத்திருக்கவேண்டும்.

இதன் தொடர்ச்சிதான் பெட்டிக்குச் சொல்லப்படும் பொய். இரட்டைக் கிளட்ச் முறை புதிதல்ல. பிரான்சில் அடோல்ஃப் கெக்ரெஸ் 1930களின் இறுதியிலேயே யோசித்தது. 1980களில் போர்ஷே தன் 956, 962 பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. 2003இல் கோல்ஃப் ஆர்32 வழியாகச் சாலைக்கு வந்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. ஒன்று விடும்போதே மற்றது பிடிக்கவேண்டும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்க, இன்ஜின் இந்தக் கணத்தில் எத்தனை நியூட்டன் மீட்டர் விசை தருகிறது என்று பெட்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அதை அது அளப்பதில்லை. இன்ஜினின் கம்ப்யூட்டர் கம்பி வழியே அனுப்பும் எண்ணை நம்புகிறது. ரீமேப்பில் டர்போ அழுத்தத்தை ஏற்றிவிட்டு, விசையைக் கணக்கிடும் அட்டவணைகளைத் தொடாமல் விட்டால், இன்ஜின் உண்மையில் 230 தந்துகொண்டு பெட்டியிடம் 180 என்று சொல்லும். பெட்டி 180க்குப் போதுமான அளவு இறுக்கும். தட்டுகள் வழுக்கும், சூடாகும், தேயும், பிறகு சட்டென்று பிடிக்கும். சிலர் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். உண்மையான எண்ணைச் சொன்னால் பெட்டியின் பாதுகாப்பு எல்லை குறுக்கே வந்து விசையை வெட்டிவிடும் என்பதால். இந்தப் பெட்டி இவ்வளவு விசை வரைக்கும் தாங்கும், பயப்படவேண்டாம் என்று விற்கும்போது சொல்வது இரும்பைப் பற்றிய பேச்சு. பல்சக்கரம் தாங்கும்தான். தனக்குச் சொல்லப்பட்டதை நம்பி வேலை செய்யும் கிளட்ச்சுக்கு அந்த வாக்குறுதியில் இடமில்லை. அப்படித் தேய்ந்துபோன கிளட்ச்சைப் பார்த்து பாக்ஸ் கெட்டுவிட்டது என்று சொல்வோமானால், எதைக் கெட்டது என்கிறோம்?

வண்டியை மாற்றுவது இழிவான காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. கோவையில் இருந்துகொண்டு அப்படி நினைக்கவும் முடியாது. கரிவரதன் மாருதி 800இன் சின்ன இன்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இந்த ஊரில்தான் உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் உட்பட ஒரு தலைமுறை அதில் ஓட்டிப் பழகியது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த ஓடுபாதைக்கு அவர் பெயர்தான். பந்தய வண்டியில் எதை மாற்றினாலும் எழுதிவைக்கிறார்கள். ஜெட் எண், பிளக் எண், டயர் காற்று, அன்றைய வெப்பம். எழுதாவிட்டால் அடுத்த சுற்றில் எது காரணம் என்று தெரியாது. சாலை வண்டிக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. சட்டமும் உதவவில்லை என்றே நினைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பை நினைத்துச் சொன்ன தீர்ப்பு, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரீமேப் கண்ணுக்குத் தெரியாது, ஆர்.டி.ஓ. ஆய்வில் அகப்படாது, மறைக்கவேண்டிய ஒன்றாக ஆகிவிட்டதால் யாரும் பில் தருவதில்லை, தேதி எழுதுவதில்லை. கேஸ் கிட்டைப் பாருங்கள். அனுமதி உண்டு, ஆர்.சி.யில் பதிவு உண்டு, பொருத்தியவர் பெயரும் சிலிண்டர் எண்ணும் இருக்கும். கேஸில் ஓடும்போது உதறினால் டாஷ்போர்டில் இருக்கும் சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாறிப் பார்க்கலாம். பெட்ரோலில் சரியாக ஓடினால் ரெட்யூசர், கேஸ் இன்ஜெக்டர், அல்லது கேஸ் கேட்கும் அதிக வோல்டேஜைத் தரமுடியாத பழைய பிளக். பாதி நோய் அந்த ஒரு தட்டலில் தெரிந்துவிடுகிறது. அசல் வண்டி உள்ளே அழியாமல் காத்திருக்கிறது. ரீமேப் செய்த வண்டியிலும் அப்படி ஒரு திரும்பும் வழி இருக்கமுடியும். அசல் ஃபைலைப் பென் டிரைவில் போட்டு உரிமையாளர் கையில் கொடுத்தால் போதும்.

எங்கள் வண்டிக்கு அந்த ஃபைல் யாரிடமும் இல்லை. மேட்டு உதறலைத்தான் முதலில் பிடித்தார்கள். பிளக்குகளைக் கழற்றியபோது முனைகள் தேய்ந்து இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற அந்த இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் அதிகம் தேவைப்படும்; ஏற்றிய டர்போ அழுத்தத்தில் அது தாண்டமுடியாமல் அணைந்துகொண்டிருந்தது. புதுப் பிளக்கை 0.7 மில்லிமீட்டருக்கு வைத்ததும் கோத்தகிரி ஏற்றத்தில் வண்டி ஒரு சொல் எதிர்க்காமல் ஏறியது. பெட்டியை இறக்கியிருந்தால், ஏற்றிய பிறகும் அந்த உதறல் அப்படியே இருந்திருக்கும். அக்கா மகன் உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடி அசல் காற்றுப் பெட்டியை வாங்கிப் பொருத்தினான். கம்ப்யூட்டரின் எண்ணைப் பொருத்திப் பார்த்து, அதற்குரிய கம்பெனி ஃபைலை இன்னொரு பட்டறையில் ஏற்றினார்கள். நாற்பதில் இருந்த உதறல் பெருமளவு அடங்கியது. கூடவே இன்ஜின் விளக்கு எரிந்தது. அக்கா மகன் முகம் வாடிவிட்டது. பெரியவர் முகத்தில் ஒரு நிம்மதி. கன்வெர்ட்டர் இல்லாத குழாயைப் பற்றிப் பின் சென்சார் சொல்லவேண்டியதை இப்போதுதான் சொல்கிறது, எரியட்டும், குழாயை மாற்றினால் அணைந்துவிடும் என்றார். மிஞ்சியது மூன்றாவது. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது முன்பக்கம் யாரோ லேசாக இழுத்துவிட்டதுபோல் ஒரு தள்ளல். அதே மாடலில், ஒன்றுமே மாற்றாத ஒரு நண்பரின் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அதிலும் இருந்தது. சிறிதாக, சிலசமயம் மட்டும், ஆனால் இருந்தது. எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச்சுக்கு ஊர்ந்துபோகும் நெரிசல் ஒத்துக்கொள்வதில்லை, அது அதன் சுபாவம் என்றார் பெரியவர். எங்கள் வண்டியில் இருப்பது அந்தச் சுபாவமா, அதைவிடக் கூடுதலா என்று இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டியும் எனக்குப் பிடிபடவில்லை. சிலநாள் இதுதான் பெரிது என்று தோன்றும். சிலநாள் இரண்டும் ஒன்றே.

கடைசியில் முதல் உரிமையாளர் போனில் கிடைத்தார். திருப்பூரில் இருக்கிறார், அன்பாகவே பேசினார். ரீமேப் செய்தது வண்டி வாங்கிய இரண்டாம் வருடம். அதற்கு அடுத்த வருடம் வழுக்க ஆரம்பித்து, கிளட்ச் செட் ஒருமுறை மாற்றியிருக்கிறார். வெளிப் பட்டறையில், பில் இல்லாமல். இந்தத் தகவல் எங்களிடம் வந்த நாளில் எல்லாம் வேறாகிவிட்டது. இந்த வகைக் கிளட்ச்சை மாற்றும்போது இரண்டு கிளட்ச்சுக்கும் உரிய இடைவெளியைத் தனித்தனியே அளந்து, அதற்கேற்ற தடிமனில் ஷிம் போடவேண்டும். பிறகு ஸ்கேனர் வழியே பெட்டிக்குப் பிடிமானப் புள்ளியை மறுபடி கற்றுக்கொடுக்கவேண்டும். அளக்காமல் பழைய ஷிம்மையே திரும்பப் போட்டிருந்தால், கற்றுக்கொடுப்பதைக் கொண்டு கொஞ்ச தூரம் மறைக்கலாம், முழுக்க முடியாது. பெரியவர் முதலில் பிடிமானப் புள்ளியை மறுபடி கற்றுக்கொடுத்துப் பார்த்தார். ஒரு வாரம் நன்றாக இருந்து திரும்ப வந்தது. பெட்டியை இறக்கிடலாங்க என்று இப்போது சொல்வது அவர்தான். "என்ன பாக்கறோம்னு தெரிஞ்சு இறக்கறோம் தம்பி. ரெண்டு ஷிம், ரெண்டு அளவு. சரியா இருந்துச்சுன்னா அப்படியே ஏத்திடுவேன், கிளட்ச்சுக்குக் காசு வாங்கமாட்டேன்." அளவு சரியாகவே இருந்துவிட்டால் இந்தத் தள்ளலோடுதான் இந்த வண்டி பிறந்தது என்று ஒத்துக்கொள்ளவேண்டிவரும். அக்கா மகன் அதற்குத் தயாராக இருப்பதாகச் சொன்னான். அடுத்த வாரம் வண்டி லிஃப்டில் ஏறுகிறது.